தனுஷ்கோடி ஸ்டேசனும் எங்கட 64 சூறாவளியும்

அன்பான திருகோணமலை ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

தம்பி போன கிழமை தேவாலயம் எண்டு போட்ட படத்தில் இருப்பது தேவாலயம் இல்லை. தனுஷ்கோடி ரயில் ஸ்டேசனின் மிச்சச் சுவர் அது.

1914இல் பாம்பன் பாலத்தோடு திறந்த பாதை. சென்னை எழும்பூரில் 'போட் மெயில்' ரயில் ஏறினால் தனுஷ்கோடித் துறை. அங்கே இர்வின் அல்லது கோஷன் கப்பல். இருபது மைல் சொச்சம் கடல். தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக் கோட்டைக்குக் கோச்சி (ரயில்). வெறும் மணல் திட்டுக்குச் சுங்கம், தபாற்கந்தோர், ஆஸ்பத்திரி எல்லாம் வந்தது இந்தப் போக்குவரத்தால்தான். எங்கட சனம் சிதம்பரம், மதுரை போவதெண்டால் கல்லோயா தாண்டி, மாகோவில் வடக்குக் கோச்சி மாறி, மதவாச்சியால் திரும்பித் தலைமன்னார் சேரவேணும். தல யாத்திரைக்கு முன்னம் ஒரு கோச்சி யாத்திரை!

1964 டிசம்பர் 22 சூறாவளியை நாங்கள் எங்கட ஊருக்கு மட்டும் வந்த மாதிரித்தான் கதைக்கிறது: யாருட கூரை போனது, எந்த வளவில் தென்னை விழுந்தது எண்டு. அதே காற்றுத்தான் எங்களை அடிச்சுப்போட்டு, வன்னியைக் குறுக்கறுத்து, அண்டைக்கு இரவே தனுஷ்கோடியில் ஏறினது. பாம்பனில் இருந்து போன 653ஆம் இலக்கப் பயணிகள் வண்டி ஸ்டேசனைக் கிட்டின நேரம் கடல் எழும்பி அப்படியே அள்ளிக்கொண்டு போனது. வண்டியில் இருந்தவை நூறு பேருக்கு மேல், ஒருத்தரும் மிஞ்சேல்லை.

பாம்பன் பாலத்தை 46 நாளில் திருத்தினார்கள். தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்பப் போகவில்லை. குடியிருக்கத் தகாத இடம் எண்டு அரசு அறிவிச்சது. ஸ்டேசனின் ஆயுள் ஐம்பது வருசம். இவ்வளவு செலவழிச்ச பாதையை விட்டது பிழை எண்டு சிலர் எழுதுகினம். இரண்டு பக்கமும் கடல் உள்ள அந்த மண் நாக்கில் திரும்பவும் சனத்தை இருத்தியிருக்கவேணும் எண்டு நான் சொல்லமாட்டன்.

கப்பல் பிறகு ராமேஸ்வரத்துக்கு மாறினது. எங்கட வயதுக்காரர் ஏறின 'ராமானுஜம்' அந்தப் பாதையில் ஓடினதுதான். மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புறதுக்கான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் சூறாவளிக்கு இரண்டு மாதம் முந்தி, 1964 ஒக்டோபரில். அதன்படி அனுப்பப்பட்ட மலையகச் சனம் தனுஷ்கோடியைக் கண்டிருக்க முடியாது. 'தாத்தா தனுஷ்கோடியில் இறங்கினவர்' எண்டு யாராவது எழுதினால் வருசத்தை ஒருக்கால் கேளுங்கோ.

2015இல் தலைமன்னார்த் துறைக்குக் கோச்சி திரும்ப வந்துட்டுது. அந்தக் கரையில் 2017 முதல் தனுஷ்கோடி தாண்டி, நிலம் முடியிற அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோட்டு இருக்கு. ராமேஸ்வரம் போறவை காலையிலேயே வெளிக்கிடுங்கோ. பொழுதுபட முன்னம் திருப்பி அனுப்பிப்போடுவினம்.