பெயர்ப்பலகைக் கடைக்கு ஃபிளாட்பெட் கட்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி:
வணக்கம். இதுவரை ரோல் பிளாட்டரில் வினைல் ஸ்டிக்கர் மட்டுமே வெட்டிவந்த எங்களுக்கு இப்போது ஃபோம் போர்டு, பிவிசி ஷீட், 3 மி.மீ. ஏசிபி (இரு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை), கொஞ்சம் அக்ரிலிக் என்று வேலைகள் வருகின்றன. கையால் அறுத்தால் விளிம்பு பிசிறடிக்கிறது. ஷீட்டை மேசையில் கிடத்தி வெட்டும் ஃபிளாட்பெட் கட்டர் வாங்க நினைக்கிறோம். அதில் கத்தியா, சுழலும் முனையால் அறுக்கும் ரௌட்டரா, லேசரா என்று முடிவெடுக்க வழிகாட்டுங்கள்.

பதில் 1:
லேசர் அக்ரிலிக்கின் விளிம்பைக் கண்ணாடிபோல் வெட்டித் தரும் என்பது உண்மைதான். ஆனால் பிவிசி ஷீட்டையும் வினைலையும் அதில் வெட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறி, நுரையீரலையும் இயந்திரத்தின் உலோகப் பாகங்களையும் ஒருசேரக் கெடுக்கும். தயவுசெய்து ஒருமுறைகூட முயன்று பார்க்காதீர்கள்.

பதில் 2:
ஃபோம் போர்டை அதிர்வுக் கத்தி (மேலும் கீழும் வேகமாக அசையும் கத்தி) தூசியில்லாமல் வெட்டும். ஏசிபிக்கு ரௌட்டர்தான் வேண்டும். ஆகவே இரண்டையும் மாற்றிப் பொருத்தக்கூடிய இயந்திரமே உங்களுக்கு ஏற்றது. வெட்டும் தலையின் வேகத்தைவிட, ஷீட்டை உறிஞ்சிப் பிடிக்கும் வேக்குவம் மேசையைக் கவனியுங்கள். உறிஞ்சுபிடி துண்டின் பரப்பைப் பொறுத்தது என்பதால், பெரிய பலகை அசையாமல் கிடக்கும். மெய்யெழுத்தின் புள்ளி அளவேயுள்ள துண்டோ வெட்டு முடியும் கடைசி நொடியில் நகர்ந்து, விளிம்பில் பல் விழுந்துவிடும். நான் அத்தகைய துண்டுகளுக்குச் சிறு இணைப்பு விட்டு வெட்டி, பிறகு கையால் பிரித்தெடுக்கிறேன். மேசையின் உறிஞ்சலைப் பகுதி பகுதியாக மூட முடிகிறதா என்றும் கேளுங்கள்.

பதில் 3:
அச்சிட்ட ஷீட்டை வெட்டுவதானால் வெட்ட வேண்டிய இடத்தைக் காட்ட ஷீட்டில் அச்சிட்ட குறியைப் படிக்கும் கேமரா அவசியம். 1220 × 2440 மி.மீ. முழு ஷீட் மேசையில் அடங்க வேண்டும். விற்பனையாளரின் மாதிரியை நம்பாமல், உங்கள் ஷீட்டையும் டிசைன் ஃபைலையும் கொண்டுபோய் எதிரிலேயே வெட்டச் சொல்லுங்கள்.