புதுப்பிப்பு: பழைய காரின் பின்பக்கம் ஒருவழியாக இறங்கிவிட்டது

பின்பக்கம் தூக்கி நிற்கிறது, ஆக்சிலுக்கும் (பின்சக்கரங்களை இணைக்கும் தண்டு) ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை வைத்து இறக்கலாமா, வளைவு குறைந்த புதிய பட்டை ஸ்பிரிங் (வளைந்த இரும்புப் பட்டைகளின் அடுக்கு) போடலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். புதிய ஸ்பிரிங்கே போட்டுவிட்டேன். பழையதைக் கழற்றியபோது, அடிப்பட்டையில் துருவுக்குக் கீழே மயிரிழை விரிசல் ஒன்று தெரிந்தது. கட்டை மட்டும் வைத்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

மாட்டிய அன்று 20 மி.மீ. மட்டுமே இறங்கியது; எதிர்பார்த்தது 40. மனம் விட்டுப்போனது. தவறு என்னுடையது: சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஸ்பிரிங் முனை போல்ட்டுகளையும், ஒரு முனையைக் காரோடு இணைக்கும் ஆடும் துண்டான ஷேக்கிளையும் இறுக்கிவிட்டேன். முனைகளுக்குள் இருக்கும் ரப்பர் உருளை (புஷ்) அந்த நிலையிலேயே கவ்விக்கொண்டு, முறுக்கேறி, காரைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. நட்டுகளைத் தளர்த்தி, காரைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி ஆட்டினேன். ஒரு முனகலோடு அப்படியே உட்கார்ந்தது பாருங்கள்! முழு எடையும் சக்கரத்தின்மேல் இருக்கும்போதே மறுபடி இறுக்கினேன். இப்போது 38 மி.மீ.

ஒரு குறை பாக்கி. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் பள்ளத்தில் ஆக்சில், மேலே மோதலைத் தாங்கும் ரப்பர் துண்டான பம்ப் ஸ்டாப்பில் இடிக்கிறது. அந்த ரப்பரைக் கழற்றி எறியச் சொல்பவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன், பிறகு இரும்பும் இரும்பும் மோதும். உயரம் குறைந்த ரப்பரும், அதற்கேற்ற குட்டையான ஷாக் அப்சார்பரும் தேடுகிறேன்.

ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யு போல்ட்டுகள் புதியவைதான். ஆனாலும் 300 கி.மீ. ஓடியபின் மறுபடி இறுக்கிப் பார்த்தேன்: இடப்பக்க நட்டு ஒன்று தளர்ந்திருந்தது, இன்னும் கால் சுற்று இறுகியது.