தைராய்டால் அம்மாவுக்குத் தசை பலவீனம்: வேலூர் பக்கம் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். குடியாத்தத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 52. தைராய்டு அதிகமாகச் சுரப்பதால் அதைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை சாப்பிடுகிறார். படபடப்பு, கை நடுக்கம் எல்லாம் குறைந்துவிட்டது. கவலையெல்லாம் கால்தான். தரையில் உட்கார்ந்தால் தொடையில் கையை ஊன்றி, இன்னொருவர் பிடித்தால்தான் எழுகிறார். தலை பின்னக் கையைத் தூக்கினால் பாதியிலேயே இறக்கிவிடுகிறார். வலி கிடையாது, சத்துதான் இல்லை. அக்கம்பக்கத்தில் வாதம் என்று எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஹார்மோன் மிகும்போது தசைப் புரதம் கரைந்து, இடுப்பையும் தோளையும் ஒட்டிய தசைகள்தான் முதலில் தளருமாம். சிகே (தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் நொதி) ரத்தப் பரிசோதனை நார்மலாகவே இருக்கலாம் என்றார் டாக்டர். அம்மாவுக்கும் அப்படித்தான் வந்தது. தைராய்டு அளவு சரியானால் சில மாதங்களில் பலம் திரும்பும் என்கிறார்.

இதே தொந்தரவு இருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? டி4 (ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் அளவு) சரியான பிறகு எவ்வளவு நாளில் படி ஏற முடிந்தது? அதுவரை என்ன பயிற்சி செய்தீர்கள்? அப்புறம், காட்பாடி, வேலூர் பக்கம் வீட்டுக்கு வந்து பார்க்கும் நல்ல பிசியோதெரபிஸ்ட் தெரிந்தால் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் யோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.