ஹாரி பர்ன்: அந்த ஓட்டுக்கு அப்புறம் என்ன ஆனார்?

பாலக்கோடு செல்வி:
வணக்கம். பத்தாவது படிக்கும் என் மகள் பேச்சுப் போட்டிக்காக அமெரிக்கப் பெண்கள் ஓட்டுரிமை வாங்கிய கதையை எடுத்திருக்கிறாள். 1920 ஆகஸ்ட் 18-ல் டென்னசி மாநில சட்டசபையில் ஹாரி பர்ன் என்ற 24 வயது உறுப்பினர் அம்மாவின் கடிதத்தைப் படித்துவிட்டு ஆதரவாக ஓட்டுப் போட்டார் என்பதோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் அவரை ஓரங்கட்டிவிட்டார்களா?

அரூர் வாத்தியார்:
இல்லைம்மா, நெடுநாள் இருந்தார். நயோட்டா என்ற சின்ன ஊர்க்காரர், குடியரசுக் கட்சி, 1918-ல் 22 வயதிலேயே ஜெயித்து வந்தவர். அந்த ஓட்டுப் போட்ட மூன்றே மாதத்தில் மறுபடி தேர்தல், தொகுதியில் எதிர்ப்பு கடுமை, இருந்தும் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் கரையேறிவிட்டார். பிறகு வக்கீல், வங்கித் தொழில். 1930-ல் கவர்னர் பதவிக்குக் கட்சி வேட்பாளராக முயன்று தோற்றார் (அங்கே கவர்னர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி, மக்கள் ஓட்டில் வருபவர்). 1948-ல் மாநில மேலவைக்கு ஜெயித்தார். 1977-ல் காலமானார். அம்மா பிள்ளை என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம், பெண்களுக்கு ஓட்டு உரிமை என்றே நம்புவதாக மறுநாள் அவையில் பதிவு செய்திருக்கிறார்.

ஊத்தங்கரை குமார்:
வாத்தியார் சொன்னதோடு இதையும் சேருங்க அக்கா. அன்று சட்டையில் எதிர்ப்பு அணியின் சிவப்பு ரோஜாவைக் குத்திக்கொண்டுதான் வந்தார், தீர்மானத்தைக் கிடப்பில் போடும் ஓட்டெடுப்பிலும் எதிர்ப்பு அணியோடுதான் நின்றார். அதில் 48-க்கு 48 சமமாகி முயற்சி தோற்றது. அதற்குக் காரணம் கிடப்பில் போடக் கூடாது என்று ஓட்டுப் போட்ட பேங்க்ஸ் டர்னர் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர், அவரை யாருமே சொல்வதில்லை, எனக்கு அதுதான் வருத்தம். அடுத்து தீர்மானமே ஓட்டுக்கு வந்தபோதுதான் பர்ன் ஆதரவு என்றார். பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தத்தை அப்போதிருந்த 48 மாநிலங்களில் 36 ஒப்ப வேண்டியிருந்தது, டென்னசிதான் அந்த 36-வது. அம்மா எழுதியதும் ஏழு பக்கம், வீட்டு சேதிக்கு நடுவில்தான் இந்த விஷயம் வருகிறது. எங்கம்மா போனில் மழை, தக்காளி விலை எல்லாம் பேசிவிட்டு நடுவில் ஒன்றைச் சொல்வாரே, அப்படி.

அரூர் வாத்தியார்:
டர்னர் பெயரை விட்டது என் தப்புதான் தம்பி. செல்விம்மா, அடுத்த வருடமே, 1921-ல், நம் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு வந்தது. ஆனால் சொத்து, வரித் தகுதி இருந்தவர்களுக்கு மட்டும். அதையும் பேச்சில் வைக்கச் சொல்லுங்கள்.

பாலக்கோடு செல்வி:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. டர்னரைச் சேர்த்தாகிவிட்டது. இப்போது பாட்டிக்குப் போன் போட்டு முதல் ஓட்டு எப்போது என்று கேட்கிறாள். 1971-ஆம், பென்னாகரம் பக்கம், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று மைல் நடந்து போனாராம். எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.