தைப்பூச இரவு: நடந்து வரும் 500 பேருக்கு அன்னதானம்

செந்தூல் தம்பி:
கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து ரதம் பத்துமலை முருகன் கோயிலுக்குப் புறப்படும் இரவு, நடப்பவர்களில் 500 பேருக்குப் பொட்டலம் கொடுக்க ஆசை. தயிர்சாதமா, புளிசாதமா? அரிசி எவ்வளவு?

கிள்ளான் அக்கா:
புளிசாதம்தான் தம்பி. இந்த வெக்கையில் தயிர்சாதம் சீக்கிரம் புளித்துவிடும். தலைக்கு 100 கிராம் என்று 50 கிலோ அரிசி, புளி 5 கிலோ, நல்லெண்ணெய் 6 லிட்டர். புளிக்காய்ச்சலை முதல் நாளே எண்ணெய் பிரியும்வரை சுண்ட விடுங்கள். தண்ணீர் நின்றால் கெட்டுவிடும். சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆவி போனதும் கிளறுங்கள். கொதிக்கக் கொதிக்கக் கட்டினால் உள்ளே வேர்த்து நசநசத்துவிடும். அன்னதானச் சோறு வீணாவது பெரும்பாலும் இதனால்தான், மனசு கேட்காது. மொத்தமாக வடிக்காமல் மூன்று தவணையாக வடித்து, ஒவ்வொன்றையும் வடித்த நான்கு மணி நேரத்துக்குள் கொடுத்து முடியுங்கள்.

பந்தல் அண்ணன்:
அக்கா சொன்னது சரி. வெங்காயம், பூண்டு வேண்டாம், விரதக்காரர்கள் தொடமாட்டார்கள். வேர்க்கடலை சிலருக்கு ஒவ்வாது, தனியாக வையுங்கள். நடந்துகொண்டே சாப்பிடுவார்கள், அதனால் குப்பைப் பைகளைப் பந்தலில் மட்டும் கட்டாமல் ஐம்பதடி தள்ளியும் கட்டுங்கள்.

செந்தூல் தம்பி:
நன்றி அக்கா, அண்ணா. நீர்மோருக்கு எத்தனை லிட்டர் தயிர்?

பந்தல் அண்ணன்:
ஆளுக்கு 200 மில்லி என்றால் மோர் 100 லிட்டர். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர், ஆக 25 லிட்டர் தயிர். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கலக்குங்கள். உப்பைக் கூட்டிப் போடுங்கள், வியர்த்து வருபவர்களுக்கு அது வேண்டும்.