வெள்ளையர் திருச்சபைகளின் நிறவெறி மன்னிப்புகளை அன்பியத்தில் படிப்பது எப்படி?

கேள்வி: தேவகோட்டை வாசகர்

தவக்காலத்துக்கு ஆறு வாரப் படிப்பு ஒன்று தயாராகிறது. தேவகோட்டை பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கு, நான்கு அன்பியங்கள் (பக்கத்து வீட்டார் கூடி ஜெபிக்கும் சிறு குழுக்கள்). வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை இருப்பதால் புதன் மாலை, ஒன்றரை மணி நேரம். பொருள்: அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வெள்ளைக் கிறித்தவர்கள் தங்கள் சபையின் நிறவெறியை எப்படி ஒப்புக்கொண்டார்கள் என்பது. சிக்கல் என்னவென்றால், இதைக் கேட்டதும் நம்மவர்கள் எல்லாரும் கறுப்பர் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்கள். "பாவம், வெள்ளைக்காரன் என்ன பாடு படுத்தியிருக்கான்" என்று உச்சுக்கொட்டிவிட்டு ஜெபம் சொல்லி எழுந்துவிடுவார்கள். நம் கல்லறையில் சாதி பிரிக்கும் சுவர் பற்றிப் பேச்சே வராது. எதை, எந்த வரிசையில் கொடுத்தால் இது ஊருக்குள் இறங்கும்?

பதில் 1: கோனாபட்டு

அமெரிக்கக் கறுப்பர் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் பர்மிங்காம் சிறைக் கடிதத்தை (16 ஏப்ரல் 1963) முதலில் கொடுக்காதீர்கள். அதற்கு நான்கு நாள் முன்பு வெள்ளைக் குருமார் எட்டுப் பேர் விட்ட அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். யார், எங்கே என்று சொல்லாமல் வாசியுங்கள். "குறை இருப்பது உண்மைதான். ஆனால் தெருவில் இறங்கக் கூடாது, இது சமயமல்ல, உள்ளூர்க்காரர்கள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும், வெளியார் தூண்டுகிறார்கள்" என்பது அதன் சாரம். தேர்த் தகராறுக்காகக் கோட்டாட்சியர் கூட்டும் அமைதிக் கூட்டத்தில் கேட்ட குரல் அப்படியே இருக்கும். பாதிப் பேர் தலையாட்டுவார்கள். யார் தலையாட்டினார்கள் என்று சுட்ட வேண்டாம், அவர்களுக்கே தெரியும். அடுத்த வாரம் கடிதம்.

மூன்றாம் வாரம் தென்னாப்பிரிக்கா. டச்சுச் சீர்திருத்தச் சபையின் பேரவை 1857இல், எல்லாரும் ஒரே சபையாகக் கூடுவதே வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, "சிலருடைய பலவீனத்தின் பொருட்டு" தனி வழிபாட்டை அனுமதித்தது. அந்த ஒரு சலுகை பிறகு தனிச் சபைகளாகவே பிரிந்துபோனது. "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க" என்பதன் டச்சு வடிவம் இது. இதோடு கலாத்தியர் 2:11-14 வாசியுங்கள். பிற இனத்தாரோடு உண்டுகொண்டிருந்துவிட்டு, ஊர்க்காரர் வந்ததும் பந்தியிலிருந்து நழுவிய பேதுருவைப் பவுல் முகத்துக்கு நேரே கேட்ட இடம்.

நான்காம் வாரம்தான் மன்னிப்பு அறிக்கைகள். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு நாம் சிறு வயதில் மனப்பாடம் செய்த ஐந்து படிகளையே அளவுகோலாக வையுங்கள்: ஆய்வு, மனத்துயர், பிரதிக்கினை, அறிக்கை, பரிகாரம். தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாடு அடிமை வைத்திருப்போரை மறைபரப்பாளராக அனுப்பலாமா என்ற சண்டையில் 1845இல் பிறந்தது. மன்னிப்புக் கேட்டது 1995இல். அது நான்காம் படி. இயேசு சபையினரைப் பாருங்கள். மேரிலாந்தில் 1838இல் 272 அடிமைகளை 1,15,000 டாலருக்கு விற்றார்கள். அதில் ஒரு பங்கு ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனுக்குப் போனது. 2021இல் அந்த வம்சாவளியினரோடு சேர்ந்து ஓர் அறக்கட்டளை, 10 கோடி டாலர் திரட்டுவதாக வாக்குறுதி. அது போதுமா என்று இன்னும் பேச்சு ஓடுகிறது. ஆனாலும் ஐந்தாம் படியில் கால் வைத்தாயிற்று. இவர்களால் அது முடிந்ததற்கு முக்கியக் காரணம், விற்ற பெயர்ப் பட்டியல் கையில் இருந்தது.

ஆகவே ஐந்தாம் வாரம் உங்கள் பங்கின் பட்டியல்கள். அழுகாச்சியைவிடக் கணக்குப் புத்தகம் அதிகம் சொல்லும். திருவிழாத் தலைக்கட்டு வரி நோட்டை எடுங்கள், பத்து வருடத்துக்கு. யாரிடம் வரி வாங்கவில்லை என்று பாருங்கள். ஏழை என்று விட்டதாகச் சொல்வார்கள். பல ஊர்களில் உண்மைக் காரணம் வேறு. வரி வாங்கினால் மண்டகப்படி கேட்பார்கள், சப்பரம் தெருவுக்கு வரவேண்டும் என்பார்கள். பிறகு கல்லறைத் தோட்டத்தை ஒரு வரைதாளில் வரையுங்கள். சுவர், வாசல், நடைபாதை, ஒவ்வொரு சிலுவையிலும் இருக்கும் வருடம். அந்தச் சுவரைத் தாண்டிய முதல் அடக்கம் எந்த வருடம் என்பது தாளிலேயே தெரியும். ஒன்றும் தாண்டவில்லை என்றால் அதுவும் தெரியும். ஆறாம் வாரம் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்ற வரிதண்டுபவர், லூக்கா 19:8. அதற்கு மேல் பேச்சு வேண்டாம், என்ன திருப்பித் தரப்போகிறோம் என்று எழுத மட்டும் ஒரு வெள்ளைத் தாள்.

பதில் 2: காரைக்குடி வரலாறு

ஒரு சின்னத் திருத்தம். பர்மிங்காம் அறிக்கை விட்ட எட்டுப் பேரில் எல்லாருமே கிறித்தவக் குருமார் அல்ல, ஒருவர் யூத ரபி.

இன்னொன்று, நிறத்தையும் சாதியையும் அப்படியே ஒட்டினால் வகுப்பு கவிழும். நிறம் கண்ணுக்குத் தெரியும். நம்மிடம் "எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு வீடு" என்று மூன்று கேள்வியில் கண்டுபிடிக்கிறோம். "நாங்க சாதியே பாக்குறதில்ல" என்று யாராவது சொன்னால், மணமக்கள் தேவை விளம்பரத்தில் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்) என்பதற்கு அடுத்து என்ன சொல் வருகிறது என்று கேட்டால் போதும்.

உள்ளூர்ப் பாலமும் இருக்கிறது. மதுரையில் 1834இல் வந்த அமெரிக்க மிஷன் 1847இல் ஊழியர்களுக்குச் சமபந்தியைச் சோதனையாக வைத்தது, பலர் வேலையை விட்டுப் போனார்கள். அதே காலத்தில் அந்த மிஷனை அனுப்பிய பாஸ்டன் சங்கம், செரோக்கி, சாக்டா என்ற அமெரிக்கப் பூர்வகுடிகளின் சபைகளில் அடிமை வைத்திருந்த உறுப்பினர்களை விலக்கத் தயங்கியது. கொதித்துப்போனவர்கள் 1846இல் தனிச் சங்கம் கண்டார்கள். அடுத்தவன் வீட்டுப் பந்தி கண்ணுக்குத் தெரிகிறது!

கூடவே, 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்மேல் போட்ட எட்டுத் தடைகளை 1931 கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் பதிந்திருக்கிறார்: தங்கம் வெள்ளி நகை கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, சட்டை கூடாது, கிராப் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. பர்மிங்காம் கடிதத்தைப் படிக்கும் நாளில் இதையும் பக்கத்தில் வையுங்கள்.

பதில் 3: புதுவயல்

வருகைப் பதிவில் சாதி எழுத வைக்காதீர்கள். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடவும் கூடாது. 1950 அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் என்றது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்ந்தார்கள், கிறித்தவர் இல்லை. இங்கே மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். சில குடும்பங்கள் இந்து எஸ்.சி. (பட்டியல் சாதி) சான்றிதழோடு நம் மாதா கோயிலுக்கு வருவார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு வழக்கில் சான்றிதழ் தர மறுத்தது. உங்கள் வருகை நோட்டு நாளைக்கு யார் கையிலோ சாட்சியாக நிற்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பட்டியலில் இல்லாதவருக்குத் துணை வராது. எழுந்து பேசியவருக்கு மறுநாள் தொல்லை வந்தால் பங்குப்பேரவை என்ன செய்யும் என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டு மினிட்டில் ஏற்றுங்கள்.

தேவகோட்டை வாசகர்

நடுவில் சுவர் வைத்துச் சாதிவாரியாக உட்கார வைத்த வடக்கன்குளத்துக் கால்சட்டைக் கோயிலையும் சேர்க்கலாமா? நான்கு அன்பியத்தையும் ஒன்றாக உட்கார வைப்பதா, தனித்தனியாகவா?

பதில் 1: கோனாபட்டு

சேருங்கள், ஆனால் 1910இல் சுவர் இடிந்ததோடு கதையை முடிக்காதீர்கள். கோயிலில் சாதிப் பிரிவினைக்கு எதிராகக் கிளம்பிய தகராறில் எறையூரில் 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள்.

முதல் நான்கு வாரம் அந்தந்த அன்பியத்திலேயே, பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். கீழத்தெருக்காரரை முதல் நாளே எழுப்பி "உங்க வேதனையைச் சொல்லுங்க" என்று கேட்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. கேட்டவர் கண் துடைத்துக்கொண்டு போவார், சொன்னவர் மறுநாள் அதே தெருவில் நடக்கணும். ஐந்தாம் வாரம் எல்லாரும் சேர்ந்து, வரைதாளை நடுவில் விரித்து வைத்து. பாய் போதும், நாற்காலி போட்டால் யார் எதில் உட்காருவது என்று அதிலேயே நேரம் போய்விடும். காப்பிக்கு ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர். பேப்பர் கப் வேண்டாம், யார் டம்ளரை யார் கழுவினார்கள் என்பது அன்றைக்குத் தெரியட்டும்.