சலமன்காவின் சான் எஸ்தெபான் மடக்கோயில்: முகப்பும் பீடமும் ஒரே காலத்தவையா?

கேள்வி (வழிப்போக்கன்):
ஸ்பெயினின் சலமன்கா நகரில் தொமினிக்கன் துறவியரின் சான் எஸ்தெபான் மடத்தைச் சென்ற மாதம் பார்த்தேன். கோயிலின் முகப்பில் பொன்னிறக் கல்லில் விரலளவுச் செதுக்கல்கள் நிறைந்திருக்கின்றன. உள்ளே விலா எலும்புகளைப் போன்ற வளைவுகள் தாங்கும் கோதிக் விதானமும், அதன் எல்லையில் முறுக்குத் தூண்களோடு தகதகக்கும் பெரும் பீடமும் உள்ளன. இவை மூன்றும் ஒரே திட்டத்தில் எழுந்தவை என்று நம்ப இயலவில்லை. பாடகர் மாடம் நுழைவாயிலுக்கு மேலே இருப்பது ஏன் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில் (கல்லோவியன்):
உங்கள் ஐயம் பாதி சரி. கோயில் பணி 1524-இல் தொடங்கி 1610-இல்தான் முடிந்தது. பொருளுதவி செய்தவர் ஆல்பா பிரபுவின் மகனும் இதே சபைத் துறவியுமான கர்தினால் ஹுவான் ஆல்வாரெஸ் தெ தொலேதோ. வரைந்து தொடங்கிய ஹுவான் தெ ஆலாவா 1537-இல் மறைந்தார். அவருக்குப் பின் மார்த்தின் தெ சந்தியாகோ என்ற துறவியும், ரொத்ரிகோ ஹில் தெ ஒந்தன்யோனும், ஹுவான் தெ ரிபேரோ ராதாவும் பணியைத் தொடர்ந்தார்கள். விதானத்தில் கோதிக் முறையும் முகப்பில் மறுமலர்ச்சி அலங்காரமும் சேர்ந்து நிற்பதை முரண்பாடாகக் கொள்ள வேண்டாம். அக்கால ஸ்பானியக் கொத்தர்களுக்கு இரண்டுமே கைவந்தவை.

முகப்பின் பாணிக்கு 'பிளாத்தரெஸ்கோ' என்று பெயர். வெள்ளித் தட்டாரைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து அது வந்தது. அருகிலுள்ள வில்லாமயோர் ஊரின் மணற்கல் வெட்டியெடுக்கும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட்டு இறுகும். இரும்புச் சத்தினால் காலப்போக்கில் பொன்னிறம் ஏறும். தட்டாரின் நுணுக்கம் கல்லில் இயன்றதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய வளைவொன்றின் நிழலில் அடுக்கடுக்காக நிற்பதால் அந்த முகப்பே வெளியே வைத்த பீடம் போலத் தோன்றும். அதன் நடுவே உள்ள, புனிதர் கல்லெறியுண்டு இறக்கும் காட்சியை மிலான் சிற்பி செரோனி 1610-இல் செதுக்கினார். நம் கத்தோலிக்கர் முடியப்பர் என்று வணங்கும் ஸ்தேவான்தான் அந்தப் புனிதர்.

பதில் (மடவிளாகம்):
பாடகர் மாடத்தைப் பற்றிச் சொல்கிறேன். சற்றுத் தொலைவிலுள்ள சலமன்காவின் புதிய பேராலயத்தில் பாடகர் இடம் கூடத்தின் நடுவே அமைந்து மக்களின் பார்வையை மறைக்கிறது. தொமினிக்கன்களோ போதிப்பதையே தொழிலாகக் கொண்ட சபையினர். ஆகவே பக்கக் கூடங்கள் இல்லாத ஒரே அகன்ற கூடத்தைக் கட்டி, சிற்றாலயங்களைப் பக்கச் சுவர்களின் முட்டுத் தூண்களுக்கிடையே ஒதுக்கி, பாடகர்களைப் பின்னே மேலேற்றினார்கள். எந்த மூலையிலிருந்தும் பீடம் தெரியும்; பிரசங்கமும் எட்டும்.

(கான்வென்ட் என்றால் நமக்குப் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும். இதுவோ பேராசிரியர்கள் வாழ்ந்த ஆண் துறவியர் மடம். அமெரிக்கப் பழங்குடியினரின் உரிமை குறித்து 1539-இல் விரிவுரை ஆற்றிய பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா இங்கு வாழ்ந்து 1546-இல் மறைந்தார். கோயில் முடிந்ததை அவர் பார்க்கவேயில்லை.)

பதில் (தங்கரேக்கு):
பீடத்தைப் பொறுத்தவரை உங்கள் ஐயம் முழுவதும் சரி. 1692-இல் ஹோசே பெனித்தோ தெ சுரிகேரா அதைத் தொடங்கியபோது அவருக்கு வயது 27. கொடியும் திராட்சைக் குலையும் சுற்றிய ஆறு முறுக்குத் தூண்கள், மரத்தில் செதுக்கித் தங்க ரேக்கு ஒட்டியவை. பிற்காலத்தவர் அவருடைய குடும்பப் பெயரையே மிகையலங்காரத்துக்கு வசைச்சொல்லாக்கினார்கள். அது அநியாயம் என்பது என் கருத்து; நீண்டு வெறுமையாகக் கிடக்கும் கூடத்தின் எல்லையில் அடக்கமான பீடம் இருந்திருந்தால் கண்ணுக்கே எட்டியிராது.

உச்சியிலுள்ள முடியப்பரின் மறைசாட்சி மரணத்தைக் கிளாவ்தியோ கொயேல்யோ வரைந்தார். 1693-இல் இறந்த அவருடைய கடைசிப் படைப்புகளில் அது ஒன்று. அவருடைய வாழ்க்கையை எழுதிய ஓவியர் பலொமினோவே 1705-இல் பாடகர் மாடச் சுவரில் திருச்சபையின் வெற்றியைத் தீட்டினார். பீடத்தில் கொயேல்யோ, எதிர்ச்சுவரில் அவரைப் பற்றி எழுதியவர்.

வழிப்போக்கன்:
மூவருக்கும் நன்றி. மாடத்துக்கு ஏறாமலே திரும்பிவிட்டேன். பலொமினோவின் ஓவியத்தைக் கீழிருந்து பாதிதான் பார்த்தேன்.